விமானத்தை நிறுத்தும் உரிமை: அமெரிக்க மெக்கானிக்குகளும் அவர்களது சங்கமும்

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தன் பராமரிப்புப் பிரிவில் "செயல்பாட்டு அவசரநிலை" அறிவித்தது. புயலும் இல்லை, விபத்தும் இல்லை. மெக்கானிக்குகள் பழுது எழுதி நிறுத்திவைத்த விமானங்கள் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டன என்பதுதான் காரணம். குறிப்பாக நான்கு பராமரிப்பு மையங்களில்தான் இது நடக்கிறது, பழுதுகளுக்குள் பொதுவான காரணம் எதுவும் தெரியவில்லை என்றது நிறுவனம். சம்பள ஒப்பந்தப் பேச்சு முட்டிக்கொண்டு நிற்பதால் மெக்கானிக்குகள் வேண்டுமென்றே விமானங்களை நிறுத்துகிறார்கள் என்று மாத இறுதியில் நீதிமன்றத்துக்கும் போனது. மெக்கானிக்குகளின் சங்கமான ஆம்ஃபாவின் பதில் வேறு: எங்கள் ஆட்கள் கண்ணில் பட்ட பழுதை எழுதுகிறார்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

விமானம் ரத்தாகி நிலையத்தில் உட்கார்ந்திருந்த பயணிக்கு இதில் யாரை நம்புவது என்றே புரிந்திருக்காது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட செய்தி சில வருடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டேதான் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, விமான மெக்கானிக்கின் கையெழுத்து என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவர்களது சங்கம் கேட்கும் சம்பளம், போடும் வழக்கு, எடுக்கும் விழா எல்லாம் அந்தக் கையெழுத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன.

யார் இந்த டெக்னீஷியன்?

நம் ஊரில் "ஏ.எம்.இ." என்ற விமானப் பராமரிப்புப் பொறியியல் படிப்பு பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இந்தியாவில் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் வேண்டும். அவருக்குக் கீழே உரிமம் இல்லாத டெக்னீஷியன்களும் வேலை செய்வார்கள். அமெரிக்காவில் அமைப்பு கொஞ்சம் வேறு. அங்கே கையில் ஸ்பேனர் பிடிப்பவரும் கையெழுத்திடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அதே வேலையை அங்கே செய்யும் அரசு அமைப்பான ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது எஃப்ஏஏ, கொடுக்கும் மெக்கானிக் உரிமத்தில் இரண்டு பிரிவுகள்: ஒன்று விமான உடல், இன்னொன்று எஞ்சின். ஒரு பிரிவுக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம் வேலை அனுபவம் காட்ட வேண்டும். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்புறம் எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று தேர்வுகள். கருவிகளையும் பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள்.

அந்தக் கையெழுத்தில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

1. அது ஆளின் கையெழுத்து. செய்த வேலை, தேதி இவற்றோடு மெக்கானிக்கின் பெயரும் உரிம எண்ணும் பதிவில் ஏறுகின்றன. பத்து வருடம் கழித்துக் கேள்வி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

2. தெரிந்தே பொய் எழுதினால் உரிமம் பறிபோகும். மேலதிகாரி சொன்னார் என்பது அங்கே சமாதானம் ஆகாது.

3. சில முக்கிய வேலைகளுக்கு ஒரே கையெழுத்து போதாது. தவறாகச் செய்தால் விமானத்துக்கே ஆபத்து என்ற வகையில் வரும் வேலைகளை, செய்தவரே சரிபார்க்கக் கூடாது. தனியாக ஓர் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் முடிவைப் பராமரிப்புப் பிரிவில் கீழ்மட்ட மேற்பார்வையாளர்கள் மாற்றவும் கூடாது.

எல்லாப் பழுதும் விமானத்தை நிறுத்திவிடாது. எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும், எந்த நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பட்டியல் ஒன்று உண்டு. அதற்குள் வரும் பழுதைக் குறித்துவைத்துப் பின்னால் சரிசெய்யலாம். வராததைச் சரிசெய்யாமல் பறக்க முடியாது. நெருக்கடி பெரும்பாலும் இந்த எல்லையில்தான் பிறக்கிறது. ஒரு கீறல் அளவுக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? அளந்து பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும். விமானம் 40 நிமிடத்தில் கிளம்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள மெக்கானிக்குக்குத் துணிச்சல் இருக்கிறதா என்பது அவர் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. எடுத்துக்கொண்டால் மறுநாள் என்ன நடக்கும் என்பதையும் பொறுத்தது.

ஒரு திருகு, ஒரு நட்டு, 88 உயிர்கள்

2000 ஜனவரி 31-ஆம் தேதி மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானம் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 88 பேரும் இறந்தார்கள்.

அது எம்டி-83 ரக விமானம். வால் பகுதியின் கிடைமட்ட இறக்கையை மேலும் கீழும் நகர்த்த ஒரு நீண்ட எஃகுத் திருகு இருக்கிறது. அது வெண்கலக் கலவையாலான ஒரு நட்டுக்குள் சுழலும். நட்டு எஃகைவிட மென்மையானது, அதனால் தேய்வது அதுதான். தேய்மானத்தைத் தாமதப்படுத்துவது கிரீஸ். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, திருகுக்கும் நட்டுக்கும் இடையில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று அளப்பார்கள். 0.040 அங்குலம்தான் அனுமதிக்கப்பட்ட கடைசி அளவு. கடலிலிருந்து எடுத்த திருகில், நட்டின் மரைகள் உரிந்து கம்பி இழைகளாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வேலை செய்யும் பகுதியில் பயன்தரும் கிரீஸ் இல்லை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, கிரீஸ் போதாமல் மரைகள் அளவுக்கு மீறித் தேய்ந்ததே காரணம் என்று முடித்தது. கிரீஸ் இடும் இடைவெளியை நிறுவனம் படிப்படியாக நீட்டியதும், அதற்கு எஃப்ஏஏ ஒப்புதல் கொடுத்ததும் துணைக் காரணங்கள். 1980-களில் சில நூறு பறக்கும் மணிகளுக்கு ஒருமுறை கிரீஸ் இட்டார்கள். 1996-இல் அது எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது, அதாவது சுமார் 2,550 மணி. ஆட்டத்தை அளக்கும் சோதனை 30 மாதத்துக்கு ஒருமுறை, சுமார் 9,550 மணி. கிரீஸ் இடுவதற்குக் கை நுழைக்க வேண்டிய திறப்பே சின்னது, அதைப் பெரிதாக்க வேண்டும் என்றும் வாரியம் பரிந்துரைத்தது.

சங்கத்தின் பார்வையில் இந்தக் கதையின் நடுப்பகுதி 1997 செப்டம்பரில் இருக்கிறது. அதே விமானம் ஓக்லாந்து பராமரிப்பு மையத்தில் இருந்தபோது ஆட்டத்தை அளந்தார்கள். சரியாக 0.040 அங்குலம் வந்தது. நட்டை மாற்ற வேண்டும் என்று தலைமை மெக்கானிக் எழுதினார். அடுத்து வந்தவர்கள் மறுபடி அளந்தார்கள், 0.033 வந்தது. அது அளவுக்குள் இருந்ததால் விமானம் வெளியே போனது. அடுத்த சோதனை 2000 மார்ச்சில் வர வேண்டியது. விமானம் ஜனவரியில் விழுந்துவிட்டது.

அன்று நட்டை மாற்றியிருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று நேர்க்கோடு போடுவது சரியல்ல. மாற்றியிருந்தாலும், கிரீஸ் இல்லாத நட்டு புதிதானாலும் தேயும். ஆனால் மாற்றச் சொல்லி எழுதியவருடைய குறிப்பு எத்தனை எளிதாக ஒதுக்கப்பட முடிந்தது என்பது யாரையும் உறுத்த வேண்டியது. விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே நிறுவனத்தின் சியாட்டில் மையத்தைச் சேர்ந்த 64 மெக்கானிக்குகள், தங்களை ஒரு மேற்பார்வையாளர் அழுத்தியும் மிரட்டியும் வேலை வாங்கினார் என்று நிர்வாகத்துக்குக் கூட்டாகக் கடிதம் கொடுத்தார்கள். தனியாக ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தனியாக ஒரு சங்கம் ஏன்?

அமெரிக்க விமான நிறுவனங்களில் மெக்கானிக்குகள் நெடுங்காலம் பெரிய சங்கங்களுக்குள்தான் இருந்தார்கள். மெஷினிஸ்ட்ஸ், டீம்ஸ்டர்ஸ், டிரான்ஸ்போர்ட் ஒர்க்கர்ஸ் ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. சாமான் ஏற்றுபவர், டிக்கெட் கொடுப்பவர், விமானத்தோடு தொடர்பே இல்லாத தொழிற்சாலைத் தொழிலாளி என்று எல்லாரும் அந்தக் குடைக்குள் வருவார்கள்.

1962-இல் ஓ.வி. டெல்-ஃபெமினே என்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மெக்கானிக் வேறு வழி தேடினார். உரிமம் பெற்ற தொழிலாளிக்கு அவர் தொழிலுக்கென்றே ஒரு சங்கம் வேண்டும் என்பது அவர் வாதம். பைலட்டுகளுக்குத் தனிச் சங்கம் இருக்கிறதே, எங்களுக்கு ஏன் கூடாது? அப்படிப் பிறந்ததுதான் ஏர்கிராஃப்ட் மெக்கானிக்ஸ் ஃப்ரட்டர்னல் அசோசியேஷன், சுருக்கமாக ஆம்ஃபா. வானத்தில் பாதுகாப்பு தரையில் செய்யும் தரமான பராமரிப்பிலிருந்து தொடங்குகிறது என்பது அதன் முழக்கம். தேசிய நிர்வாகிகளை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பந்தம் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் தேறினால்தான் செல்லும். பெரிய சங்கங்களின் கூட்டமைப்பில் அது சேரவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் அது சின்ன அமைப்பாகவே இருந்தது. 1998-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குகள் பழைய சங்கத்தை விட்டு ஆம்ஃபாவுக்கு வாக்களித்தார்கள், அலாஸ்கா ஏர்லைன்ஸும் அதே காலத்தில் வந்தது. 2003-இல் சவுத்வெஸ்ட்டும் யுனைடெட்டும் சேர்ந்தன. யுனைடெட் 2008-இல் டீம்ஸ்டர்ஸுக்குப் போய்விட்டது.

மற்ற சங்கங்கள் ஆம்ஃபாவைக் கோபத்தோடுதான் பார்த்தன. கைத்திறன் உள்ளவர்கள் தங்களைத் தனியே பிரித்துக்கொண்டால் மீதிப்பேரின் பேரம் பலவீனமாகும் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது. அதற்கான விலையை ஆம்ஃபாவே பின்னால் கொடுத்தது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க விமானத் தொழிலாளர்களுக்குப் பொதுவான தொழிலாளர் சட்டம் பொருந்தாது. 1926-இல் ரயில்வேக்காக வந்த ரயில்வே லேபர் ஆக்ட் 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. போக்குவரத்து நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம், அதனால் ஒவ்வொரு படியும் மெதுவாக நகரும்படி செய்யப்பட்டது.

1. ஒப்பந்தத்துக்குக் காலாவதி என்பது இல்லை. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அது திருத்தத்துக்கு உட்பட்டது ஆகும், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய சம்பளம், பழைய விதிகள்.

2. இரு தரப்பும் நேரடியாகப் பேசும். முடியாவிட்டால் தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் போகலாம்.

3. வாரியம் பேச்சை எத்தனை நாள் வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். இனிப் பயனில்லை என்று அது கைவிரிக்கும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம்.

4. கைவிரித்த பிறகு நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று வாரியம் கேட்கும். ஒரு தரப்பு மறுத்தாலும் 30 நாள் அவகாசம் ஓடத் தொடங்கும்.

5. அதன் பின்பும் குடியரசுத் தலைவர் அவசர வாரியம் அமைத்துத் தள்ளிப்போடலாம். அதுவும் முடிந்தால்தான் வேலைநிறுத்தமோ கதவடைப்போ செய்ய முடியும்.

இந்த ஏற்பாட்டில் காலம் யார் பக்கம் என்று பாருங்கள். பழைய சம்பளமே ஓடிக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்கு அவசரம் இல்லை. சவுத்வெஸ்ட் மெக்கானிக்குகளின் பேச்சுவார்த்தை 2012-இல் தொடங்கியது. 2018-இல் வந்த ஒரு வரைவு ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். 2019 பிப்ரவரி வரும்போது ஆறு வருடம் கடந்திருந்தது.

அப்படியானால் 2019-இல் யார் சொன்னது சரி?

வேலைநிறுத்த உரிமை வரும் முன்னால் வேலையை மெதுவாக்குவதும் இந்தச் சட்டத்தில் தடை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓவர்டைம் மறுத்தால்கூட நீதிமன்றம் அதைக் கூட்டு நடவடிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். அதே 2019-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மெக்கானிக்குகளின் சங்கங்கள்மீது இப்படி வழக்குப் போட்டு, ஆகஸ்டில் நிரந்தரத் தடையுத்தரவே வாங்கியது. ஆக, நிறுவனங்களின் புகார் எப்போதும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

சிக்கல் என்னவென்றால், பேரத்துக்காக எழுதிய பழுதையும் உண்மையில் கண்டுபிடித்த பழுதையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது மிகக் கடினம். பல வருடம் "அட, பரவாயில்லை" என்று விட்டதை ஒருவர் இன்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவர் தப்புச் செய்கிறாரா, இத்தனை நாள் தப்புச் செய்தாரா? விதிப்புத்தகத்தைக் கேட்டால் இரண்டாவதுதான். அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் காட்டி மெக்கானிக்மேல் வழக்குப் போடுவது ஆபத்தான பழக்கம் என்று நினைக்கிறேன். சட்டப்படி நிறுவனம் வென்றாலும், அடுத்த வாரம் அளவின் விளிம்பில் நிற்கும் ஒரு கீறலைப் பார்க்கும் மெக்கானிக் பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை தயங்குவார்.

எஃப்ஏஏவும் அந்த மார்ச்சில் சவுத்வெஸ்ட்டுக்கும் ஆம்ஃபாவுக்கும் கடிதம் எழுதியது. உங்கள் உறவு முறிந்துகிடப்பது நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாண்மை ஒழுங்காக நடக்குமா என்ற கவலையைத் தருகிறது என்பது அதன் சாரம். சில நாட்களில் உடன்பாடு வந்தது. சம்பளம் உடனடியாக 20 சதவீதம் உயர்ந்தது, சுமார் 2,400 மெக்கானிக்குகளுக்கு அரியர்ஸாக மொத்தம் 160 மில்லியன் டாலர். மே மாதம் உறுப்பினர்கள் அதை ஏற்றார்கள்.

தனித்து நின்றதன் விலை: நார்த்வெஸ்ட், 2005

2005 ஆகஸ்ட் 20-இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஆம்ஃபா வேலைநிறுத்தம் தொடங்கியது. மெக்கானிக்குகளும் விமானத் துப்புரவாளர்களுமாகச் சுமார் 4,400 பேர் வெளியே வந்தார்கள். நிறுவனம் கேட்டது ஆண்டுக்கு 176 மில்லியன் டாலர் சிக்கனம்: சம்பளத்தில் கால் பங்கு வெட்டு, ஏறக்குறைய பாதி வேலைகள் காலி. அந்த வேலைகளில் பெரும்பகுதி வெளி ஒப்பந்ததாரர்களுக்குப் போகும்.

நிறுவனம் மாதக்கணக்கில் தயாராகிக் காத்திருந்தது. சுமார் 1,200 மாற்று மெக்கானிக்குகளும் வெளி நிறுவனங்களும் முதல் நாளே உள்ளே வந்துவிட்டார்கள். பைலட்டுகள் வேலைக்குப் போனார்கள், விமானப் பணிப்பெண்கள் போனார்கள், மெஷினிஸ்ட்ஸ் சங்கத்துச் சாமான் ஏற்றுபவர்களும் போனார்கள். மறியல் நடந்த வாசலைத் தாண்டாமல் யாரும் வெளியே நிற்கவில்லை. 1998-இல் மெஷினிஸ்ட்ஸிடமிருந்து ஆட்களைப் பிரித்துக்கொண்டுபோன சங்கம்தானே இது என்ற பழைய வடுவும் அதில் இருந்தது. செப்டம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, மாற்று ஆட்களை நிரந்தரமாக்கவும் ஆரம்பித்தது. 2006 நவம்பரில் வேலைநிறுத்தம் முறைப்படி முடிந்தபோது பெரும்பாலோருக்குத் திரும்பிப் போக வேலை இல்லை.

வெளிநாடுகளிலிருந்து இதைப் பார்ப்பவர்களுக்கு மற்றத் தொழிலாளர்கள் உள்ளே போனது துரோகமாகத் தெரியும். ஆனால் ஒரு தொழில் தன் திறனை மட்டும் நம்பித் தனியாக நிற்கும்போது, அந்தத் திறனைப் பணம் கொடுத்து வெளியில் வாங்க முடியுமா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 2005-இல் வாங்க முடிந்தது. 2019-இல் மெக்கானிக்குகளுக்குத் தட்டுப்பாடு, விமானங்கள் நிரம்பி வழிந்த காலம், முடிவு வேறாக வந்தது.

செய்தியில் வராத அன்றாட வேலை

வேலைநிறுத்தம் தலைப்புச் செய்தி ஆகிறது. சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியோ வேறு இடத்தில் போகிறது. சஸ்பெண்ட் ஆனவருக்காக விசாரணையில் உட்கார்வது, ஷிப்ட் ஒதுக்கீட்டில் சீனியாரிட்டியைக் காப்பது, இப்படிப்பட்டவை.

அவற்றில் பயணிகளை நேராகத் தொடும் ஒன்று, தவறைத் தானே சொல்லும் திட்டம். ஒரு மெக்கானிக் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறார். ராத்திரி படுக்கும்போது அந்த மூடியைப் பூட்டினோமா என்று சந்தேகம் வருகிறது. சொன்னால் உரிமத்துக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் விமானத்துக்கு ஆபத்து. இதற்காகத்தான் நிறுவனம், எஃப்ஏஏ, சங்கம் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்கீழ் ஒரு குழு இயங்குகிறது. வேண்டுமென்று செய்யாத தவறை அவர் தானாகவே சொன்னால், மூன்று தரப்பின் ஆட்களும் சேர்ந்து அதை ஆராய்வார்கள், தண்டனையைவிடத் திருத்தத்தை நாடுவார்கள். அந்த மேசையில் தன் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த மெக்கானிக்கும் வாய் திறக்க மாட்டார்.

பழுதைச் சொன்னதற்காகப் பழிவாங்கப்பட்டால் 2000 ஏப்ரலில் வந்த ஏர்-21 என்ற சட்டம் துணைக்கு வருகிறது. 90 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுத்தால் வேலையும் விட்டுப்போன சம்பளமும் திரும்பக் கிடைக்க வழி உண்டு. சட்டம் இருப்பதும் அதைத் தனி ஆள் பயன்படுத்த முடிவதும் ஒன்றல்ல. வக்கீல் செலவுக்கும் ஆவணம் திரட்டவும் பின்னால் ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது.

ஓய்வு நேரம் இன்னொன்று. பைலட் எத்தனை மணி பறக்கலாம், எத்தனை மணி தூங்க வேண்டும் என்று விதிகள் விரிவாகச் சொல்கின்றன. மெக்கானிக்குக்கு ஃபெடரல் விதி கேட்பது ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு மட்டுமே. அதையும் மாதக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். விடியற்காலை மூன்று மணிக்கு, பதினாறாவது மணி நேர வேலையில் இருப்பவர் அளக்கும் 0.040 அங்குலத்தை நம்பி நாம் ஏறுகிறோம். மீதியை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும்.

கௌரவம்: சார்லஸ் டெய்லரும் மே 24-உம்

ஆம்ஃபா உட்பட மெக்கானிக்குகளின் அமைப்புகள் எல்லாம் மே 24-ஐ விமானப் பராமரிப்பு டெக்னீஷியன் தினமாகக் கொண்டாடுகின்றன. அது 1868-இல் சார்லஸ் டெய்லர் பிறந்த நாள்.

ரைட் சகோதரர்களை உலகம் அறியும். அவர்களது சைக்கிள் கடையில் 1901-இல் மணிக்கு 30 சென்ட் கூலிக்குச் சேர்ந்த டெய்லரைப் பலருக்குத் தெரியாது. விமானத்துக்கு எடை குறைந்த எஞ்சின் வேண்டும் என்று சகோதரர்கள் பல கார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், யாரும் செய்துதரவில்லை. டெய்லர் ஆறு வாரத்தில் செய்துகொடுத்தார். கையில் இருந்தவை ஒரு லேத், ஒரு துளைக்கும் இயந்திரம், கைக்கருவிகள். கிராங்க்ஷாஃப்டுக்காக சுமார் 100 பவுண்டு எடையுள்ள எஃகுப் பலகையில் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டித் துளைகளாகப் போட்டு, வேண்டாத பகுதியைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்து, லேத்தில் கடைந்தார். முடிந்தபோது எடை 19 பவுண்டு. உள்ளூர் வார்ப்பட்டறையில் வார்த்த அலுமினிய உடலோடு சேர்ந்து அந்த எஞ்சின் 12 குதிரைத்திறன் கொடுத்தது. 1903 டிசம்பர் 17-இல் பறந்தது அதுதான்.

பின்னாளில் நிலத்தில் போட்ட பணம் போய்விட்டது. 1955-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பொது மருத்துவமனையின் இலவச வார்டில் அவர் கிடப்பது தெரிந்து, விமானத் துறையினர் பணம் திரட்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30-இல் இறந்தார்.

இந்தப் பின்னணி தெரிந்தால், சங்கங்கள் ஏன் இந்த நாளில் அத்தனை உணர்ச்சியோடு இருக்கின்றன என்பது விளங்கும். கலிஃபோர்னியாவில் தொடங்கி மாநிலம் மாநிலமாகத் தீர்மானம் வாங்கினார்கள். 2008-இல் அமெரிக்க மக்களவையும் தீர்மானம் நிறைவேற்றியது. எஃப்ஏஏ தன் பங்குக்கு, பராமரிப்புத் தொழிலில் 50 வருடம் நிறைவு செய்தவர்களுக்கு டெய்லர் பெயரில் மாஸ்டர் மெக்கானிக் விருது கொடுக்கிறது. அதில் 30 வருடமாவது உரிமத்தோடு வேலை செய்திருக்க வேண்டும்.

விழாவில் கேக்கும் கேடயமும் கொடுத்துவிட்டு மறுநாள் விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரைப் பூட்டினால் அந்தக் கௌரவத்துக்கு அர்த்தமில்லை என்று சங்கத்தினர் சொல்வதுண்டு. ஹேங்கரைப் பூட்டுவது, அதாவது பராமரிப்பு வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிடுவது என்பதுதான் இன்றைய பெரிய சண்டை.

ஹேங்கர் எங்கே போகிறது?

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2008-இல் கொடுத்த கணக்கின்படி, ஒன்பது பெரிய நிறுவனங்கள் பராமரிப்புச் செலவில் வெளியாருக்குக் கொடுத்த பங்கு 1996-இல் 37 சதவீதம், 2007-இல் 64 சதவீதம். சில வருடங்களுக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துப் பார்க்கும் கனமான சோதனைகள் எல் சால்வடார், மெக்சிகோ, சீனா என்று போயின.

வெளிநாட்டு மெக்கானிக்குகள் மட்டம் என்று சொல்வது தவறு, அந்தத் தொனியில் பேசும் அமெரிக்கப் பேச்சாளர்களும் உண்டு. சங்கத்தின் வாதத்தில் வலுவான பகுதி வேறு. அமெரிக்க மண்ணில் உள்ள பழுதுபார்ப்பு நிலையத்தில் விமானத்தை வெளியே விடக் கையெழுத்திடுபவருக்கு எஃப்ஏஏ உரிமம் வேண்டும். வெளிநாட்டு நிலையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அதே விமானம், அதே பயணிகள், ஆனால் கையெழுத்துக்குப் பின்னால் பறிபோகக்கூடிய அமெரிக்க உரிமமும் இல்லை, ஏர்-21 போன்ற பாதுகாப்பும் எளிதில் எட்டாது.

2024-இல் நிறைவேறிய எஃப்ஏஏ சட்டம் வெளிநாட்டு நிலையங்களில் முன்னறிவிப்பில்லாத சோதனையைக் கேட்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் அங்குள்ள பராமரிப்பாளர்களுக்கும் போதை, மது சோதனையைக் கட்டாயமாக்கும் விதி வந்தது, நடைமுறைப்படுத்த 2027 டிசம்பர் வரை அவகாசம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, எத்தனை விமானங்கள் வெளியே போகலாம் என்ற வரம்பு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. சவுத்வெஸ்ட்டில் அந்த ஆறு வருடப் பேச்சு இழுத்துக்கொண்டு போனதற்குச் சம்பளத்தோடு சேர்ந்த இன்னொரு காரணம் இந்த வரம்புதான்.